பின்சில்லுக்குள் மூன்று கியர்

வணக்கம் ஐயா,

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். சென்ற மாதம் பழுகாமத்தில் ஓர் அம்மாவிடமிருந்து, காலஞ்சென்ற அவரது கணவரின் பழைய றலி சைக்கிளை 15,000 ரூபாவுக்கு வாங்கினேன். ரயர், ரியூப், பிறேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டும், கல்லைக் கட்டி இழுப்பதுபோல் கனக்கிறது. கச்சான் காற்று எதிரே அடித்தால் இறங்கி உருட்டுகிறேன். பின்சில்லின் நடுக்குடமான ஹப் பழுது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடலாம் என்கிறார் கடைக்காரர். அந்த ஹப்பைத் துடைத்தபோது ஏ.டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துகளும், 58, 9 என்ற எண்களும் தெரிந்தன. வலதுபக்க அச்சுக்குள்ளிருந்து விரல்நீளச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. மாற்றிவிடலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கழற்ற விடாதீர்கள். கடைக்காரர் ஏற்கெனவே சாவியைக் கையில் எடுத்திருந்தால், இந்தக் கடிதத்தை மிச்சம் வாசிக்காமல் முதலில் போய் அவரைத் தடுங்கள்.

உங்கள் பின்சில்லின் நடுவில் இருப்பது ஸ்டேர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப். 1902 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் தொடங்கிய நிறுவனம் அது. றலியும் அதே ஊர்தான். ஏ.டபிள்யூ என்பது அவர்கள் 1936 இல் வெளியிட்ட மாதிரியின் பெயர். 58, 9 என்பது ஹப் செய்யப்பட்ட ஆண்டும் மாதமும்: 1958 செப்டெம்பர். உங்கள் தகப்பனார் பிறந்திருப்பாரோ என்னவோ, உங்கள் ஹப் பிறந்துவிட்டது.

கனப்பதற்குக் காரணம் பழுதே அல்ல. ஹாண்டிலில் இருக்கும் ஒரு சிறு நெம்பிலிருந்து கேபிள் வந்து, நீங்கள் கண்ட அந்தச் சங்கிலியை இழுக்க வேண்டும். இழுக்கும் அளவைப் பொறுத்து கியர் மாறும். முழுதாக இழுத்தால் முதல் கியர், பாதி இழுத்தால் இரண்டாவது, இழுக்காமல் தளர்த்தி விட்டால் மூன்றாவது. உங்கள் வண்டியில் நெம்பும் இல்லை, கேபிளும் இல்லை. ஆகவே அது எந்நேரமும் மூன்றாம் கியரிலேயே நிற்கிறது. கீழ்க்காற்று முதுகில் தள்ளும்போது பறப்பதற்கென்று செய்த கியரில், நீங்கள் எதிர்க்கச்சானில் கொப்பிக் கட்டோடு உழக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப் பார்த்தால் இன்னும் விளங்கும். முன்னே 46 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சில்லு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியரில் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தேமுக்கால் மீற்றர் போகும். மூன்றாவது அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட, ஏழரை மீற்றர். முதலாவது கால் பங்கு குறைவு, நாலேகால் மீற்றர்தான். தட்டை நிலமான மட்டக்களப்பில் சைக்கிளுக்குக் கியர் எதற்கு என்று கேட்பவர், ஆடி மாதம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் சைக்கிளில் போகாதவர்.

கடைக்காரரில் குறையில்லை. வெளியே பல்லுப்பல்லாகத் தெரியும் கியரைப் பார்த்தே பழகியவருக்கு, ஹப்பின் வயிற்றுக்குள் பல்சக்கரங்கள் ஓடும் என்று எப்படித் தோன்றும்?

இப்படி ஒன்றை நானும் கண்டேன், கண்டும் தொலைத்தேன். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் ஹொண்டா சி90 ஒன்று வாங்கினேன். ஆசனத்தைத் தூக்கினால் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியளவுத் தகரப் பேணி, அதிலிருந்து மெல்லிய குழாய், நடுவில் பித்தளைத் திருகு. யாரோ வேலை தெரியாதவர் செய்த அலங்கோலம் என்று எண்ணி, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பிறகுதான் கல்லடியில் ஒரு மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொன்னார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆகவே பேணியில் இருக்கும் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். புகை கக்கும், பிளக் கறுக்கும், ஆனால் போகும். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றபோது, அந்தப் பித்தளைத் திருகுதான் எனக்கு நினைவில் வந்தது. அப்போது மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்பது வேறு கதை.

அதற்காக மறைந்திருப்பதெல்லாம் புதையல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னாளில் வாங்கிய ஒரு வண்டியில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் அழகாக நாடா ஒட்டியிருந்தார்கள். அதையும் முன்னவர் ஒரு முன்னேற்றமாகத்தான் கருதியிருப்பார். வயரிங் உருகி மணத்தபோதுதான் கண்டேன்.

உங்கள் ஹப்பிலும் ஒரு பொல்லாத்தனம் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. கேபிள் சரியாக இழுபடாவிட்டால், எழுந்து நின்று உழக்கும்போது மிதி திடீரென்று வெறுமையாகச் சுற்றும். என் இடது முழங்காலில் அதன் தழும்பு இருக்கிறது. சரிபார்க்கும் முறை எளிது. இரண்டாம் கியரில் வைத்துவிட்டு, வலதுபக்க நட்டில் உள்ள சிறு துளை வழியே பாருங்கள். சங்கிலி பூட்டியிருக்கும் கம்பியின் தோள், அச்சின் நுனியோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். அதுவரை கேபிளைத் திருகிக் கூட்டிக் குறையுங்கள். ஹப்பின் மேல் எண்ணெய் விட ஒரு சிறு மூடி இருக்கும். மெல்லிய மோட்டார் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். வீட்டில் இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், உள்ளே பிசினாகிவிடும்.

நெம்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நிறுவனம் 2000 இல் தாய்வான்காரர் கைக்குப் போய், இன்னும் மூன்று கியர் ஹப் செய்கிறது, உதிரிப்பாகம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் பழுகாமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பழைய திருகாணி போட்டு வைக்கும் பேணி அந்த வீட்டில் எங்காவது இருக்கும். கேபிள் அறுந்த நாளில், கழற்றிய நெம்பை அவர் எறிந்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த அம்மாவிடம் அவர் இந்தச் சைக்கிளில் என்ன ஏற்றிப் போனார் என்றும் கேளுங்கள்.

முன்சில்லைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அதன் ஹப் வழக்கத்தைவிடத் தடித்து, பக்கத்தில் வயர் பூட்டும் இரண்டு முனைகளோடு இருக்கிறதா? இருந்தால் அது ஹப்புக்குள்ளேயே வைத்த டைனமோ, ரயரில் உராயாமல் 6 வோல்ட் தரும். அதைக் கட்டாயம் யாரையும் திறக்க விடாதீர்கள். காந்தத்தை உள்ளிருக்கும் சுருளிலிருந்து வெறுமனே பிரித்தால், காந்தம் வலுவிழந்துவிடும்; பிறகு திரும்பப் பூட்டினாலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.