லேபிலேயே கிடக்கும் காகிதம்

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். முதல் குழந்தை. 20ஆவது வார ஸ்கேனில், குழந்தையின் இதய இடது கீழறையில் ஒரு வெண்புள்ளி தெரிவதாகவும் மற்றதெல்லாம் சரியாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த மாமியார், “உங்கள் வீட்டில் யாருக்கு இதய நோய்?” என்று திருநெல்வேலியிலிருந்து தினமும் கேட்கிறார். மூன்றாம் மாதம் எடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கணவருக்கு நேரமில்லாததால் இன்னும் வாங்கவில்லை. வேறு இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த ரத்த முடிவை வாங்குங்கள். ஸ்கேன் படம் திருநெல்வேலி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளூர் லேபிலிருந்து ஒரு காகிதம் இரண்டு மாதமாக வீடு வந்து சேரவில்லை. என்ன குடும்பம் அம்மா இது?

இதய வால்வைப் பிடித்திருக்கும் சிறு தசையில் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் படிந்தால், ஸ்கேனில் அது எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். அது ஓட்டையும் அல்ல, அடைப்பும் அல்ல, பரம்பரையாக வருகிற இதய நோயும் அல்ல. ஆகவே உங்கள் மாமியாரின் கேள்விக்கு இங்கே இடமே இல்லை. நலமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 3 முதல் 5 பேருக்கு இது தென்படுகிறது, ஆசியர்களிடம் இன்னும் அதிகமாக. டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு உள்ள கருக்களில் இது சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால்தான் மருத்துவர்கள் குறித்து வைக்கிறார்கள். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கணிப்பதற்காகவே மூன்றாம் மாதம் உங்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு ‘லோ ரிஸ்க்’ என்றால், இந்தப் புள்ளிக்காக மட்டும் மறு ஸ்கேனோ இதய எக்கோவோ தேவைப்படாது. ‘ஹை ரிஸ்க்’ என்றாலோ, காகிதமே கிடைக்காமல் போனாலோ, உங்கள் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். அதுவும் வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதி செய்ய வேண்டுமானால் பனிக்குட நீரைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் மாதத்தில் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். வயிற்றில் சுமப்பவர் நீங்கள். ஒரு காகிதத்தைச் சுமந்து வருவதாவது தகப்பனாகப் போகிறவரின் கடமை இல்லையா? கெட்ட செய்தி இருந்துவிடுமோ என்ற பயத்தில் நீங்களும் அவரை வற்புறுத்தாமல் இருந்துவிட்டீர்களோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. நாளைக் காலை இருவரும் சேர்ந்தே போய் வாங்குங்கள், அங்கிருந்து நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். அதன் பிறகு, மாமியாருக்கு உங்கள் கணவரே போன் செய்து பதில் சொல்லட்டும்.