அப்புச்சியின் ட்ரங்குப் பெட்டி

அன்புள்ள ஐயா,

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. என் அப்புச்சி கோவையில் மில் தொழிலாளியாக இருந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால், முழுக்க சோவியத் யூனியனில் அச்சான ரஷ்யப் புத்தகங்கள். எல்லாம் தமிழில், கெட்டி அட்டையில், மூன்று ரூபாய், நாலு ரூபாய் விலையில். "அந்த நாடு உடைஞ்சதோட இந்தப் புஸ்தகமும் போச்சு கண்ணு" என்று வருத்தப்படுவார். ஆனால் தணிக்கை ஒழிந்ததால் அங்கே எழுத்தாளர்கள் பிழைத்தார்கள் என்றுதானே படிக்கிறோம். எதுங்க சரி?

க.

அன்புள்ள க.,

அப்புச்சி சொன்னதும் சரி, நீங்கள் படித்ததும் சரி. இரண்டும் அதே நாலைந்து வருஷத்துக்குள் நடந்ததுதான் கூத்து.

அந்தப் பெட்டியில் கார்க்கி இருப்பார், செக்கோவ் இருப்பார். நாம் டால்ஸ்டாய் என்று சொல்பவர் அதில் லேவ் தல்ஸ்தோய் என்று இருப்பார். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்தவை அவை. ஆனால் பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். சொந்த நாட்டில் அச்சிட மறுத்ததால் 1957-இல் இத்தாலியில் வெளியான நாவல். மறுவருஷம் அவருக்கு நோபல் பரிசு; வேண்டாம் என்று அவரையே சொல்ல வைத்தார்கள். சொந்த நாட்டில் அது அச்சேறியது 1988-இல், 'நோவி மிர்' இதழில். அவர் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் சோவியத் சிறை முகாம்களைப் பற்றி சோல்ஷெனிட்சின் எழுதிய 'குலாக்' அதே இதழில் வந்தது. 1990-இல் அந்த இதழ் 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. ஒரு இலக்கியப் பத்திரிகை! சிற்றிதழ் நடத்தி ஐந்நூறு பிரதி போட்டு, அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தவன் நான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

1990 ஆகஸ்டில் புதுப் பத்திரிகைச் சட்டம் தணிக்கையை எடுத்துவிட்டது. 1991 டிசம்பரில் நாடே இல்லை. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். காகிதம், அச்சுக்கூலி, தபால் எல்லாம் தாறுமாறாக ஏறின. வாங்கும் சம்பளம் ரொட்டிக்கே பத்தாதபோது யார் சந்தா கட்டுவார்கள்? பத்து வருஷத்துக்குள் 'நோவி மிர்' இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற காலத்தில் கடையில் ஓடியது துப்பறியும் கதை. வாய்ப்பூட்டுப் போட்டவனும் படியளந்தவனும் ஒரே ஆள், அரசாங்கம். போகும்போது பூட்டையும் படியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனான். அந்தப் படியில் ஒரு பிடிதான் கடல் தாண்டி உங்கள் அப்புச்சிக்கு மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது.

சரி, மாஸ்கோவை விடுங்கள். கோபியில் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் போட்ட வழி. அந்தப் பணத்தில்தான் பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். பதிப்பாளர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் 'லைப்ரரி ஆர்டர்' இதுதான். கவிதைத் தொகுப்பைக் கொண்டுபோய் நீட்டினால், "ஆர்டர் வரட்டுங்க, போட்டுரலாம்" என்பார்கள். ஒரு பதிப்பாளர் என்னிடம் அப்படிச் சொல்லி, தேர்தல் வந்து, ஆட்சியும் மாறிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்துப் பிரதியின் மேலே டீ டம்ளர் வைத்த வட்டம் வட்டமான கறை, நாலைந்து இருக்கும். என்னை யாரும் தணிக்கை செய்யவில்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் காகிதக் கடையில் பாக்கி.

இது பரவாயில்லை. 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறிய பிறகு, 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டதால் தப்பியது. அங்கே அடுக்கியிருந்த புத்தகங்களை எழுதியவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு.

எழுத்தாளர்கள் பிழைத்தார்களா என்று கேட்டீர்கள். எழுதி வைத்த புத்தகங்கள் பிழைத்தன. எழுதிக்கொண்டிருந்த ஆட்கள்தான் பாவம், வேறு வேலை தேடினார்கள்.

பெட்டியில் இருக்கும் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு, அமைப்பு பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும். கீழே பதிப்பகத்தின் முகவரி: 17, ஜூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானும் நாலு பக்கம் எழுதிக்கொண்டு காங்கேயம் போஸ்டாபீசுக்குப் போனேன். வெளிநாட்டுத் தபாலுக்கு அவர்கள் சொன்ன காசு என்னுடைய ஒரு வாரத்துப் பஸ் காசு. திரும்பி வந்துவிட்டேன். அப்புச்சி மில் சம்பளக்காரர், போட்டிருப்பார். பதில் வந்திருந்தால் ஏதாவது புத்தகத்துக்குள்தான் மடித்து வைத்திருப்பார், ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். அப்புறம் பெட்டிக்குள் கொஞ்சம் வசம்பு போட்டு வையுங்கள், ராமபாணப் பூச்சி அண்டாது.