து ஃபூ: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர்களான லி பாயும் து ஃபூவும் நண்பர்களா, போட்டியாளர்களா?

நண்பர்கள்தான். 744இல் லுவோயாங்கில் சந்தித்தார்கள், அடுத்த ஆண்டு இன்னொரு முறை. அதோடு சரி. லி பாய் 11 வயது மூத்தவர், அப்போதே புகழ்பெற்றவர். து ஃபூ அவரை நினைத்து ஆயுள் முழுக்க எழுதினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை சொற்பம்.

கேள்வி: து ஃபூ அரசுத் தேர்வில் தோற்றது உண்மையா?

உண்மை. ஆனால் 747இல் நடந்த தேர்வில் அவர் மட்டுமா தோற்றார்? முதலமைச்சர் லி லின்ஃபூ ஒருவரைக்கூடத் தேறவிடவில்லை. நாட்டில் திறமைசாலி எவரும் விடுபட்டிருக்கவில்லை என்று பேரரசருக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டார்!

755இல் ஒரு சின்ன வேலை கிடைத்தது. குடும்பத்தைப் பார்க்கப் போனவர் வீட்டு வாசலில் அழுகுரல் கேட்டார். கைக்குழந்தை பட்டினியில் இறந்திருந்தது. அதைச் சொல்லும் கவிதையிலேயே, எனக்கு வரி கிடையாது, படைக்கும் அழைக்க மாட்டார்கள், எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பாடு என்ன என்று கேட்கிறார். நான் அவரிடம் விழுந்தது அந்த இடத்தில்தான்.

கேள்வி: 755இல் தளபதி ஆன் லுஷான் தொடங்கிய கலகத்தில் 3 கோடிப் பேர் மாண்டார்களாமே?

754 கணக்கெடுப்பில் சுமார் 5.3 கோடிப் பேர், 764இல் 1.7 கோடி. ஆனால் குறைந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள் அல்லர். ஊரைவிட்டு ஓடியவர்கள் பதிவேட்டில் இல்லை, பல பகுதிகளில் கணக்கெடுக்கவே முடியவில்லை.

கேள்வி: து ஃபூவின் ‘வசந்தக் காட்சி’ கவிதையில் அப்படி என்ன இருக்கிறது? மொழிபெயர்ப்பில் சாதாரணமாகத்தான் தெரிகிறது.

மூலத்தின் முதல் இரண்டு அடிகளைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்:

நாடு – உடை – மலை – ஆறு – இரு
நகர் – வசந்தம் – புல் – மரம் – அடர்

அடிக்கு ஐந்தே எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சொல். 757இல் கலகக்காரர்கள் பிடித்த தலைநகர் சாங்கானில் சிக்கியிருந்தபோது எழுதியது. மலையும் ஆறும் இருக்கின்றன என்றால் வேறெதுவும் இல்லை. தலைநகரில் புல் அடர்ந்திருக்கிறது என்றால் மிதித்து நடக்க ஆளில்லை. இரண்டையும் அவர் சொல்லவில்லை, நம்மைச் சொல்ல வைக்கிறார். கடைசியில், நரைத்த தலையைச் சொறிந்து சொறிந்து முடி கொட்டி, கொண்டை ஊசிகூட நிற்கவில்லையாம். நாட்டில் தொடங்கிய கவிதை ஊசியில் வந்து முடிகிறது.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

‘நிலவு இரவு’. எட்டே அடி. அதே சாங்கான், முந்தைய ஆண்டு. மனைவி தொலைவில் ஃபுசோவில். தான் பார்க்கும் நிலவைப் பாடாமல், அவள் தனியே பார்க்கும் நிலவைப் பாடுகிறார். பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாங்கானை நினைக்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை.