பெருந்தொற்றும் மனநலமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொரோனாக் காலத்தில் எங்கள் குடியிருப்பில் சிலர் சேர்ந்து, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கிக் கொடுத்தோம். இன்னொரு தொற்று வந்தால் மனநல உதவியும் செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவரும் மனநலம் படித்தவர் இல்லை. இதில் இறங்கலாமா?

பதில்: நீங்கள் அப்போதே இறங்கிவிட்டீர்கள். நெருக்கடிக் கால மனநல உதவிக்கென ஐ.நா. முகமைகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, அந்த உதவியை நான்கு அடுக்குப் பிரமிடாக வரைந்து காட்டுகிறது. உணவு, மருந்து, பாதுகாப்பு ஆகியவை அதன் அடித்தளம். அதன்மேல் குடும்பமும் அக்கம்பக்கமும் தரும் ஆதரவு. மூன்றாவதாகப் பயிற்சி பெற்ற பொதுப் பணியாளர்களின் கவனிப்பு. மனநல மருத்துவர்கள் வருவது உச்சியில்தான். 2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தனிமைப்படுத்தப்பட்டவர்களை வாட்டியவை எவை என்று ஆராய்ந்து, தொற்று அச்சம், சலிப்பு, பொருள் தட்டுப்பாடு, தெளிவற்ற தகவல், வருமான இழப்பு, களங்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. இவற்றில் பலவற்றை மாத்திரை தீர்க்காது. வாசலில் வைக்கப்படும் பை தீர்க்கும்.

மூன்றாவது அடுக்கிலும் உங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், சுகாதார நிலைய வளாகத்து மர பெஞ்சில் அமர்ந்து மக்களின் குறைகளைக் கேட்டவர்கள், பெரும்பாலும் முதிய பெண்களான சமூகப் பணியாளர்கள். 2016இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வும் பதற்றமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுடையதைக் காட்டிலும் ஆறு மாதங்களுக்குப் பின் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆனால் அந்தப் பெண்களுக்கு முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தன என்பதை மறந்துவிட வேண்டாம். ஆர்வத்தை மட்டும் நம்பி ஆலோசனை மையம் திறப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: தனிமையில் இருப்பவர்களுக்குத் தினமும் போன் செய்யும் பொறுப்பு எனக்கு. “தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் பேச வருவதில்லை.

பதில்: அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் விட்டாலே பேச்சு வளரும். எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களால் உறுதி கூற முடியாது. அது மறுமுனையில் இருப்பவருக்கும் தெரியும். “நேற்று இரவு தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை விரலில் மாட்டி, 96 என்று காட்டினாலும் 95 என்று காட்டினாலும் பதறும் ஒரு தாயிடம், “பயப்படாதீர்கள்” என்பதால் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதிவைக்க உதவுங்கள்; இடைப்பட்ட நேரத்தில் கருவியை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்.

நாள்தோறும் குறித்த நேரத்தில் அழையுங்கள். வராத அழைப்பு, தனித்திருப்பவரை நாம் நினைப்பதைவிட அதிகமாகப் பாதிக்கும்.

வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றிவிடாதீர்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள ஒருவரை அருகில் இருக்கச் செய்து, மருத்துவ உதவி கிடைக்கும் வரை இணைப்பிலேயே இருங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் இந்த ஒன்றில் அது செல்லாது.

கேள்வி: தொற்றில் கணவரை இழந்த என் தோழி, கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்க்கும்படி அவளை வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். துயரம் நேர்ந்த கையோடு நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்குத் தீங்கே செய்திருக்கலாம் என்று தெரிந்தபின் கைவிடப்பட்டது. தோழி பேசும்போது கேளுங்கள். பேசாதபோது உடன் இருங்கள். வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் சான்றிதழோடு அலைய வேண்டிய நாள்களில் துணைக்குச் செல்லுங்கள். விடைகொடுக்கும் வாய்ப்பே அமையாதவர்களுக்கு, கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் உற்றார் கூடி ஒரு நினைவு நிகழ்வு நடத்துவது தாமதமான ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் பலருக்கு அதுதான் முதல் வழியனுப்பல். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துயரம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அது சிகிச்சை தேவைப்படும் நிலையாக இருக்கலாம். நீடித்த துயர நிலை என்பது இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே தனி இடம் பெற்றிருக்கிறது.

கேள்வி: நோயுற்றவர்களின் பெயர்களைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது மற்றவர்களின் பாதுகாப்புக்கு நல்லதுதானே?

பதில்: இல்லை. பெயர் வெளிவரும் என்று தெரிந்தால் அடுத்தவர் அறிகுறியை மறைப்பார், பரிசோதனைக்கும் போகமாட்டார். பாதுகாப்பு அங்கேயே கெட்டுவிடும். பெயர் தேவைப்படுவது உதவி செய்யும் இரண்டு, மூன்று பேருக்கு மட்டுமே.

கேள்வி: பிறர் கவலையைக் கேட்டுக் கேட்டு எனக்கே உறக்கம் கெட்டுவிடுகிறது. விலகினால் சுயநலம் ஆகிவிடுமோ?

பதில்: ஆகாது. கோவிட்டின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்றமும் உலக அளவில் 25 சதவீதம் அதிகரித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது; உதவிக்கு ஓடியவர்கள் அதற்கு விதிவிலக்காக இருந்திருக்க முடியாது. ஒருவரே எல்லா அழைப்புகளையும் ஏற்காதபடி முறை வைத்துக்கொள்ளுங்கள். மனத்தை உலுக்கிய அழைப்புக்குப் பின், பெயர் குறிப்பிடாமல் அதைச் சக தன்னார்வலர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். சில வாரங்கள் விலகியிருக்க விரும்புபவரிடம் காரணம் கேட்காமலே பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவர் அழைத்துவந்தவர்களை வேறொருவரிடம் முறையாக அறிமுகப்படுத்தி ஒப்படைப்பது என்று குழு முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், விலகுவதற்குத் தயங்க வேண்டியிராது.