சுடாத வேட்டை, ஓடாத நாய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள், அங்கே ஒரு பெரிய பண்ணை நிலத்தில் நடந்த நாய்ப் போட்டியின் காணொளியை அனுப்பியிருந்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, நாய்கள் பச்சை நிறப் பொதியொன்றைக் கவ்விக்கொண்டு வருகின்றன, ஆனால் செத்த பறவை எதையும் காணவில்லை. எல்லா நாய்களும் எடுத்துக்கொண்டுதானே வருகின்றன, பின் வெற்றியை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: அந்தப் போட்டியை அங்கே ‘கன்டொக் வேர்க்கிங் டெஸ்ட்’ என்பார்கள். துப்பாக்கி வேட்டைக்குத் துணைபோகும் நாய்களின் திறமையை, எந்த உயிரையும் சுடாமல் மதிப்பிடுவதே அதன் நோக்கம். நம் பழைய போடியார்மாரின் வட்டைகளைப் போலப் பரந்து கிடக்கும் தனியார் நிலங்களில், உரிமையாளரின் அனுமதியோடு கழகங்கள் இவற்றை நடத்துகின்றன. பச்சைப் பொதியின் பெயர் ‘டம்மி’. தடித்த கன்வஸ் துணியில் தைத்த அது, பெரும்பாலும் ஓர் இறாத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் நிறையுடையது. நீங்கள் கேட்டது வெற்றுத் தோட்டாவின் சத்தம். உண்மையாகவே பறவைகளைச் சுட்டு நாய்களைச் சோதிக்கும் ‘ஃபீல்ட் ட்ரயல்’ வேறொன்று. அது 1865இல், அங்குள்ள நாய்களுக்கான தலைமைக் கழகமான கெனல் கிளப் உருவாவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. ஃபெசன்ட் பறவை வேட்டைக்கான காலம் இங்கிலாந்தில் பெப்ரவரி முதலாம் திகதியோடு முடிந்துவிடுவதால், டம்மிப் போட்டிகளில் பெரும்பாலானவை அதன் பின்னர், வசந்தத்திலும் கோடையிலும் நடைபெறுகின்றன.

வெற்றியைப் பற்றிக் கேட்டீர்கள். லாப்ரடோர் போன்ற ரிட்ரீவர், அதாவது விழுந்ததை எடுத்துவரும் நாய்களின் ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். கழுத்துப் பட்டியோ கயிறோ இல்லாத நாய்கள், தத்தம் உரிமையாளரின் காலோடு ஒட்டி ஒரே வரிசையாகப் புல்வெளியில் நடக்கின்றன. வெடிச் சத்தம் கேட்டு, டம்மி ஒன்று வானில் எழுந்து விழுகிறது. அத்தனை நாய்களும் அதைப் பார்க்கின்றன, ஆனால் நடுவர் யாருடைய இலக்கத்தைச் சொல்கிறாரோ அவருடைய நாய் மட்டுமே போகலாம். கட்டளைக்கு முன் பாய்ந்த நாயும், பொறுக்க முடியாமல் முனகிய நாயும் அந்தச் சுற்றிலேயே தோற்றுவிடும். என்னைக் கேட்டால், இப்போட்டியில் பார்க்க வேண்டியது ஓடும் நாயை அல்ல, பக்கத்து நாய் ஓடும்போது உடம்பெல்லாம் துடிக்கத் துடிக்கக் குந்தியிருக்கும் நாயைத்தான்.

இன்னொரு சோதனையில், நாய் பார்க்காத இடத்தில் டம்மியை ஒளித்துவைக்கிறார்கள். தொலைவில் புல்லுக்கு மேலே தலை மட்டும் தெரிய ஓடிக்கொண்டிருக்கும் நாய், நீண்ட ஒற்றை விசில் கேட்டதும் சட்டெனத் திரும்பி உட்கார்ந்து உரிமையாளரின் கையைப் பார்க்க வேண்டும். கை வலப்பக்கம் நீண்டால் வலப்பக்கம், இடப்பக்கம் நீண்டால் இடப்பக்கம். எடுத்த டம்மியைக் கடிக்காமல், உதறாமல், வழியில் வேறொன்றைக் கண்டு இதைப் போட்டுவிடாமல் கொண்டுவந்து கையில் தர வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் வழக்கமாக 20 புள்ளிகள். ஓயாமல் விசில் ஊதி நாயை நடத்துபவரைவிட, நாயை நம்பி விட்டுவிடுபவரையே நல்ல நடுவர்கள் விரும்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடோர் குட்டிக்கு எட்டு மாதம். எறிந்ததை ஓடி எடுக்கிறது, ஆனால் கொண்டுவந்து தராமல் வளவைச் சுற்றி ஓடுகிறது. இதை எப்படிப் பழக்குவது? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: முதலில், துரத்துவதை நிறுத்துங்கள். நீங்கள் பின்னால் ஓடும்வரை அதற்கு அது நல்ல விளையாட்டு. குட்டி எடுத்ததும் நீங்கள் எதிர்ப்பக்கமாக நாலடி ஓடிக் குந்துங்கள், அது உங்களை நோக்கி வரும். வந்தவுடன் வாயிலிருந்து பறிக்காதீர்கள். நெஞ்சைத் தடவிக் கொடுத்து, சிறிது நேரம் அதை வைத்திருக்க விட்டு, பிறகு கேளுங்கள். இரு சுவர்களுக்கு இடைப்பட்ட ஒடுக்கமான நடையில் எறிந்து பழக்கினால், சுற்றியோட இடமே இருக்காது.

எறிவதற்குப் பழைய காலுறைக்குள் துணி திணித்துக் கட்டியது போதும். தடி வேண்டாம், வாயையும் தொண்டையையும் குத்திவிடும். தேங்காய் மட்டையும் வேண்டாம், சப்பிக் கிழிக்கும் பழக்கம் அதிலிருந்துதான் வரும். கயிறிழுப்பு விளையாட்டையும் பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எறிந்தவற்றில் பாதியை, குட்டியை உட்கார வைத்துவிட்டு, நீங்களே நடந்துபோய் எடுத்துவருவது. விழுவதெல்லாம் தனக்கல்ல என்பதை அது இந்த வயதில் கற்காவிட்டால், பின்னர் கற்பிப்பது பெரும்பாடு.

கேள்வி: திருக்கோவில் பக்கம் எங்கள் வயலில் நண்பர்களுடைய நாய்களைச் சேர்த்து இப்படியொரு போட்டி வைக்கலாமா? யானைவெடி கொளுத்தினால் துப்பாக்கிச் சத்தத்திற்கு ஈடாகுமா? (வாசகர், அம்பாறை மாவட்டம்)

பதில்: போட்டி வையுங்கள், யானைவெடியை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் அது வெடித்தால் இளம் நாய் ஆயுளுக்கும் சத்தத்திற்குப் பயந்ததாகிவிடலாம், ஆட்களுக்கும் ஆபத்து. தூரத்தில் ஒருவர் இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று அடித்தால் தொடக்கத்திற்குப் போதுமானது. நம் நாட்டில் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால், பறவையே தேவைப்படாத இந்த முறை நமக்குப் பொருத்தமானது.

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து வயல் காய்ந்த பிறகு வையுங்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். குளிர்நாட்டில் உருவான தடித்த உரோமமுள்ள இனங்கள் நம் வெயிலில் மிக விரைவாகச் சோர்ந்துவிடும். நாய் அளவுக்கு மீறி மூச்சிரைத்து, நாக்கு கடுஞ்சிவப்பாகித் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை, குறிப்பாக வயிற்றையும் தொடையிடுக்கையும் நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போங்கள்.

நீரில் எடுத்துவரும் சோதனையும் இங்கிலாந்தில் உண்டு. நம் குளங்களிலும் வாவியிலும் முதலை இருப்பதால் அதை இங்கே தவிர்த்துவிடுங்கள். வயல் நீரில் எலிக்காய்ச்சல் நாய்களுக்கும் தொற்றும். விசர்நாய்த் தடுப்பூசியோடு அதற்கான தடுப்பூசியும் போட்ட நாய்களை மட்டும் சேருங்கள். தாள் மேய வரும் மாடு, எருமைகளை ஒரு நாய் துரத்தினாலும் அடுத்த முறை வயல்காரர் இடம் தரமாட்டார், ஆகவே மந்தை வராத கண்டமாகத் தெரிவுசெய்யுங்கள்.

கேள்வி: நாட்டு நாயைச் சேர்க்கலாமா? (அதே வாசகர்)

பதில்: இங்கிலாந்தில் இப்போட்டிகள் குறிப்பிட்ட வேட்டைத் துணை இனங்களுக்கானவை. உங்கள் வயலில் விதி உங்களுடையது, தாராளமாகச் சேருங்கள். எடுத்துவந்து தருவதில் அது லாப்ரடோரிடம் தோற்கக்கூடும். ஆனால் வெயிலைத் தாங்குவதில் நாட்டு நாய்க்கு ஈடில்லை, ஆகவே காலைச் சுற்றின் கடைசி முறையை அதற்குக் கொடுங்கள்.