பந்தயம் முடிந்த பிறகு எந்தத் தொழில்? ஓசூர்ப் பணிமனையிலிருந்து சில பதில்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) ஓட்டிவிட்டு, இடது முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பின் ஓசூரில் சஸ்பென்ஷன் (வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) பணிமனை நடத்திவருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் தொழில் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓசூர்): ஐயா, எனக்கு வயது 25. இன்னும் மூன்று நான்கு சீசன் ஓட்டுவேன். வெளிநாட்டு வீரர்கள் ஓய்வுக்குப் பின் என்ன தொழில் செய்து நிலைத்தார்கள்?

பதில்: நிலைத்தவர்களில் சிலர் ஓய்வு பெறும்வரை காத்திருக்கவே இல்லை. ஸ்வீடனின் டார்ஸ்டன் ஹால்மன் 250 சிசி பிரிவில் 1962, 1963, 1966, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். ஹஸ்க்வர்ணா நிறுவனத்தின் வண்டியை ஓட்டிக் காட்டுவதற்காக 1966இல் அமெரிக்கா சென்ற அவர், மோட்டோகிராஸ் ஓட்டுபவர்களுக்கான உடைகளை விற்கத் தொடங்கினார். 1968இல் பிறந்த அந்த வணிகம்தான் இன்று நாம் அறிந்த பந்தய உடை நிறுவனமான 'தோர்'. அமெரிக்க வீரர் ட்ராய் லீ பந்தயம் ஓட்டிக்கொண்டே தன்னுடைய ஹெல்மெட்டுக்கும் பிறர் ஹெல்மெட்டுக்கும் வண்ணம் தீட்டினார். 1981இல் நிறுவனமாக மாறிய அந்தக் கைவேலை, ஓட்டுநராக அவர் பெற்ற பெயரைவிடப் பெரிய பெயரை அவருக்குத் தந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் மிட்ச் பேட்டன். பாலைவனப் பந்தயம் ஒன்றில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இருபது வயதைக்கூட எட்டாத நிலையில் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் கட்டியெழுப்பிய 'ப்ரோ சர்க்யூட்' இன்ஜினையும் சைலன்சரையும் நம்பி எத்தனையோ சாம்பியன்கள் ஓடியிருக்கிறார்கள். இந்த மூவரும் விற்றது கோப்பையை அல்ல. வண்டி மேல் உட்கார்ந்திருந்தபோது கை எதில் பழகியதோ, அதை. உங்களுக்கு எது பழகியிருக்கிறது என்பதை இந்த சீசனிலேயே எழுதி வையுங்கள். மெக்கானிக் செய்யும் வேலையை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவராக இருந்தால், முதலில் அந்த ஸ்பேனரைக் கையில் வாங்குங்கள்.

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, வீட்டில் கோப்பைகள் நிறைய இருக்கின்றன, ஊரிலும் பெயர் தெரியும். அந்தப் பெயரை வைத்து டி-ஷர்ட், ஹெல்மெட் கடை போடலாமா?

பதில்: பெயர் வாடிக்கையாளரை ஒருமுறை வாசல்வரை அழைத்துவரும். இரண்டாவது முறை அவர் வருவது சரக்கைப் பொறுத்தது. வண்டியோடு அந்தரத்தில் சாகசம் காட்டும் ஃப்ரீஸ்டைல் வீரர் கேரி ஹார்ட் 2004இல் லாஸ் வேகஸில் பச்சை குத்தும் கடை திறந்தபோது பெயர் உதவியது உண்மைதான். ஆனால் அந்த நகரத்தில் இரவு பகலாகத் தெருவில் நடக்கும் சுற்றுலாக் கூட்டம் பாலக்கோட்டில் இல்லை. தக்காளி மண்டிக்கு வரும் லாரிக்காரர்கள் உங்கள் கோப்பையைப் பார்த்து ஹெல்மெட் வாங்கப்போவதில்லை. கடையைத் தருமபுரி நெடுஞ்சாலை ஓரத்தில் யோசித்தால் பேசலாம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): அப்பாவிடம் நான்கு ஏக்கர் இருக்கிறது, பாதி மாந்தோப்பு, பாதி தரிசு. பயிற்சித் தடம் அமைக்கலாமா? குழந்தைகளுக்கும் வகுப்பு எடுக்க ஆசை.

பதில்: மாமரத்தை வெட்டாதீர்கள், தரிசு போதும். கோலார் அருகே டக்கார் (பல நாள் நடக்கும் நெடுந்தூரப் பாலைவனப் பந்தயம்) வீரர் சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய 'பிக் ராக்' பைக் பயிற்சிப் பூங்காவை முதலில் நேரில் சென்று பாருங்கள். ஓசூரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான். 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் அவர். அவரைப் போன்றவர்கூட, முதன்முதலாக மண்ணில் வண்டி ஓட்டுபவரை நம்பித்தான் பயிற்சி நடத்துகிறார் என்பது உங்களுக்கு வழிகாட்டும். பந்தய வீரர்களை மட்டும் எதிர்பார்த்தால் மாதத்துக்கு நான்கு பேர் வருவார்கள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற கரடுமுரடான பாதைக்கான பைக்குகளை வாங்கிவிட்டு மண்சாலையில் இறங்கப் பயப்படுகிறவர்களோ பெங்களூரிலும் ஓசூரிலும் ஏராளமாக இருக்கிறார்கள்.

இனி செலவு. மேடு அமைக்க ஜேசிபிக்கு ஆகும் பணத்தை எல்லோரும் கணக்கில் எழுதுகிறார்கள்; தண்ணீரை யாரும் எழுதுவதில்லை. நம் செம்மண் காய்ந்தால் புழுதி எழுந்து முன்னால் போகிறவர் தெரியமாட்டார், பக்கத்துக் காட்டுக்காரரும் வழக்குப் போடுவார். கோடையில் வகுப்பு நாள்தோறும் டேங்கர் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொந்தக் கிணறு வற்றினால் வருமானத்தில் பெரும்பகுதி டேங்கருக்கே போய்விடும். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான அனுமதியையும் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். (தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: யானை நடமாடும் காட்டோரத்தில் இந்தத் தொழிலை நினைக்கவே வேண்டாம்.)

குழந்தைகள் வகுப்பில் இன்னும் கவனம் தேவை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன்படி 18 வயது நிரம்பாதவர் கையெழுத்திடும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், அந்தத் தாள் இருந்தாலும் உங்கள் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கு நீங்கள் பொறுப்பாளியே. வழக்கமான வாகனக் காப்பீடு, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தை ஏற்காது என்பதால், தடத்துக்கென்று பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியாக எடுங்கள்.

கேள்வி (ஓசூர் சிப்காட்): சொந்தமாகப் பந்தய அணி தொடங்கினால் எப்படி இருக்கும்?

பதில்: பணம் பண்ண அல்ல, பணம் செலவழிக்க ஆசை இருந்தால் தொடங்குங்கள். அமெரிக்க மோட்டோகிராஸ் சாம்பியன் ரிக்கி கார்மைக்கேலும் மேலே சொன்ன கேரி ஹார்ட்டும் சேர்ந்து நடத்திய அணியில் ஓட்டித்தான் கென் ராக்ஸன் 2016இல் அமெரிக்காவின் 450 சிசி வெளிப்புற மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். அந்த அணி 2017 சீசனோடு மூடப்பட்டது.

கேள்வி (அரூர்): மகன் பந்தயத்துக்காகப் பாலிடெக்னிக் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறான். பின்னாளில் பணிமனை வைக்கக் கடன் கிடைக்குமா, ஐயா?

பதில்: படிப்பை நிறுத்த வேண்டாம் அம்மா. டிப்ளமோ முடித்தால் மாநில அரசின் நீட்ஸ் (புதிய தொழில்முனைவோருக்கான) திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு கடன் கேட்க முடியும். மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும், உற்பத்திக்கு 50 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினர், பெண்கள் போன்றோருக்கு 35 சதவீதமும் மானியம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த மானியம் கையில் வராது, மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். முதல் ஆண்டு வாடகையை மானியத்திலிருந்து கட்டலாம் என்று திட்டமிட்ட நண்பர் ஒருவர் கஷ்டப்பட்டார். தருமபுரி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): அண்ணா, உங்களைப் போல சஸ்பென்ஷன் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இங்கே அதற்கு வாடிக்கையாளர்கள் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் ஆட்கள் அல்லர். என்னிடம் வரும் பத்து வண்டியில் எட்டு, சாலையில் ஓடும் வண்டிகள். மோட்டோகிராஸ் வண்டியில் ஓட்டுபவர் உட்கார்ந்தால் பின்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்ற கணக்கைப் பந்தயத்தில் கற்றேன். அதே முறையில் ஒருவரின் எடையையும் அவர் ஏற்றும் மூட்டையையும் பார்த்து ஸ்பிரிங் இறுக்கத்தைச் சரிசெய்துகொடுத்தால், இதே வண்டியா என்று கேட்கிறார்கள். ஓசூரில் இருப்பதன் உண்மையான லாபம் வேறு. 1980இல் டிவிஎஸ் 50 வெளிவந்த ஊர் இது. வண்டித் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்துகொடுத்துப் பழகிய லேத்தும் சிஎன்சியும் (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம்) தெருவுக்குத் தெரு இருப்பதால், ஒரு புஷ் இரண்டு எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்றாலும் கடைந்துகொடுக்க ஆள் கிடைக்கிறது. இதே வேலையை வேறு ஊரில் செய்திருந்தால் பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்திருப்பேன்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு முழுவதும் கூட ஓட்டிய நண்பர்களிடம் கூலி வாங்கவில்லை, எண்ணெய்க் காசு மட்டும் வாங்கினேன். அவர்கள் அனுப்பிய ஆட்களும் அதே விலையை எதிர்பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டு சுவரில் கூலிப் பட்டியலை மாட்டினேன். நான்கு பேர் கோபித்துக்கொண்டார்கள். மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கற்க விரும்பினால் ஞாயிறு தவிர எந்த நாளும் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். முதல் மாதம் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) கழுவும் வேலைதான் கிடைக்கும்.