ஒயரும் சேர்ந்து சூடு காட்டும்

கேள்வி: ஐப்பசி மழையில் வெயிலை நம்ப முடியாமல், நெத்திலி காயவைக்க ஹீட்டர் பெட்டி செய்தேன். சூட்டை அளக்கும் பிடி100 சென்சாரில் வந்த மூன்று ஒயரில் சிவப்பு இரண்டையும் ஒன்றாக முறுக்கி, பத்து மீட்டர் இரட்டை ஒயரில் சென்சாரைப் படிக்கும் மேக்ஸ்31865 போர்டுக்கும், நிரல் ஓடும் ஆர்டினோ போர்டுக்கும் கொண்டுபோனேன். டிஸ்பிளேயில் 55 டிகிரி, உள்ளே தெர்மாமீட்டரில் 48. கருவாட்டில் ஈரம் நிற்கிறது. சென்சார் போய்விட்டதா?
– வாசகர், மண்டபம்

பதில்: சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. பிடி100-இன் மின்தடை பூஜ்ய டிகிரியில் 100 ஓம். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். உங்கள் 7 டிகிரிக்குக் கணக்கு 2.7 ஓம். மெல்லிய ஒயர் பத்து மீட்டர் போய்த் திரும்பினாலே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். ஒயரின் ஓமையும் சூடு என்றே போர்டு எடுத்துக்கொள்கிறது. சென்சார் முனையில் இரண்டு ஒயரையும் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மூன்றாவது ஒயர் இருப்பதே, ஒயரின் ஓமைப் போர்டு கழித்துவிடத்தான். முறுக்கிய சிவப்பைப் பிரித்து, மூன்று ஒயரையும் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில் போர்டு வரை இழுங்கள். போர்டிலுள்ள ஜம்பர் (இணைப்புத் துண்டு), நிரலிலுள்ள அமைப்பு இரண்டையும் மூன்று ஒயருக்கு மாற்ற வேண்டும்.

நம் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. பாம்பனில் ஒரு பெட்டியைத் திறந்தேன். ஸ்க்ரூ டெர்மினலில் ஒரு முனை மட்டும் பச்சைக் களிம்பு பூத்து, அங்கே மட்டும் 0.8 ஓம், அதாவது 2 டிகிரி. மூன்று ஒயரும் ஒரே ஓம் என்று நம்பித்தான் போர்டு கழித்துப் பார்க்கிறது. ஒன்றில் மட்டும் களிம்பு ஏறினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். உப்புக் காற்றில் முறுக்கி டேப் சுற்றுவது நிற்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள்.

அப்புறம் ஐஸில் ஒரு சோதனை. நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸை நொறுக்கி, கொஞ்சம் நல்ல தண்ணீரும் விட்டு, சென்சாரை முக்கிக் கலக்குங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், உப்பு கலந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சென்சார் ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினால் ஓம் குறையும். பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே காட்டினால் ஹீட்டர் நிற்கும்படி நிரலில் எல்லை வையுங்கள். சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டும் தெர்மல் கட்-அவுட் ஒன்றையும் ஹீட்டர் லைனிலேயே தனியாகப் போடுங்கள். ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டால் நிரலால் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் தூங்கக்கூடும்.